ஹிஸ்டரி கிளாஸில் என்ன நடக்கிறதென்று வீட்டுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: ஆச்சி, நாங்கள் தேவகோட்டை. ஜூலையில்தான் டெக்சாஸ் வந்தோம். மகன் பத்தாவது. மற்ற பாடங்களைச் சமாளித்துவிடுகிறான், ஹிஸ்டரியில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. புத்தகம் வீட்டுக்கு வருவதில்லை, டைரி கிடையாது, டெஸ்ட் பேப்பரில் கையெழுத்தும் கேட்பதில்லை. ஊரிலிருந்து அப்பத்தா தினமும் "எத்தனை மார்க்?" என்கிறார்கள். யாரைப் போய்க் கேட்பது?

பதில்: தங்கச்சி, நான் சில வருஷம் நியூஜெர்சியில் இருந்தவள். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். இப்போது மாமியாருக்குத் துணையாகக் கானாடுகாத்தானில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எங்கள் முதல் வருஷம் அப்படியே கண்முன் வந்தது.

அவள் ஒன்பதாவது சேர்ந்து மூன்று மாதம் நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. காரைக்குடியில் படித்த பழக்கம். ஏதாவது தப்பென்றால் பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். நவம்பரில் ரிப்போர்ட் வந்தபோது ஹிஸ்டரியில் மூன்று பூஜ்யம். பையைக் கொட்டிப் பார்த்தால், மூன்று வேலையும் எழுதி முடித்து நாலாக மடித்த தாளாக உள்ளேயே கிடக்கிறது. டீச்சர் நோட்டைக் கேட்பார், அப்போது கொடுக்கலாம் என்று காத்திருந்திருக்கிறாள். அங்கே யாரும் நோட்டு கேட்பதில்லை. படம் பிடித்து ஏற்றி, 'சப்மிட்' அழுத்தினால்தான் கொடுத்த கணக்கு. நல்லவேளை, டீச்சர் பாதி மார்க்காவது தந்தார்.

அதனால் முதலில் சிலபஸைத் தேடுங்கள். முதல் வாரமே கொடுத்திருப்பார்கள், கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருக்கும். நீங்களே படிக்காமல் போட்டுக்கூட இருப்பீர்கள், நானும் அப்படித்தான் போட்டேன். டெஸ்டுக்கு எத்தனை சதவீதம், வீட்டு வேலைக்கு எத்தனை, தாமதமானால் எவ்வளவு குறையும், டெஸ்டைத் திரும்ப எழுதலாமா, டீச்சரை எந்த நேரத்தில் தனியாகப் பார்க்கலாம், எல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து வரிவரியாகப் படியுங்கள். மார்க் அங்கே வாரா வாரம் சேர்ந்துகொண்டே போவது. கடைசிப் பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் கணக்கு அங்கே எடுபடாது.

அடுத்தது ஆன்லைன் கணக்கு. பல பள்ளிகளில் பாட வேலை இருக்கும் இணையதளம் ஒன்று, மார்க் இருக்கும் இணையதளம் வேறு. கூகுள் கிளாஸ்ரூம் என்றால், பள்ளி அனுமதித்திருந்தால், பெற்றோருக்கு தினமும் அல்லது வாரம் ஒருமுறை சுருக்க மெயில் வரும். விட்டுப்போன வேலை, வரப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்கும், மார்க் மட்டும் இருக்காது. கேன்வாஸ் என்றால் மகனுடைய கணக்கிலிருந்து 'பேரிங் கோட்' என்ற இணைப்புக் குறியீட்டை எடுக்க வேண்டும். ஏழு நாளில் காலாவதியாகிவிடும், எடுத்த அன்றே உங்கள் பெற்றோர் கணக்கில் போட்டுவிடுங்கள். மார்க் பெரும்பாலும் பவர்ஸ்கூல் மாதிரி வேறொன்றில் இருக்கும். அதற்குப் பெற்றோர் பாஸ்வேர்டை பள்ளி அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள்.

டீச்சருக்கு மெயில் எழுதத் தயங்கவே வேண்டாம். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. நாலு வரி போதும்: பிள்ளை பெயர், எந்தப் பீரியட், நீங்கள் கவனித்தது என்ன, வீட்டில் எப்படி உதவலாம். பீரியட் எண்ணை விடாதீர்கள், ஒரே டீச்சரிடம் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிப்பார்கள். இங்கிலீஷில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். 1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்தின்படி, அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளி, பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் சொல்லியாக வேண்டும். காசு கேட்க மாட்டார்கள். மகனையே நடுவில் வைத்துப் பேச வைப்பது மட்டும் வேண்டாம்.

ஏபி ஹிஸ்டரி, அதாவது காலேஜ் தரத்தில் நடத்தும் ஹிஸ்டரி, எடுத்திருந்தால் பரீட்சை மே மாதம். ஆனால் அதற்குப் பெயர் கொடுப்பது நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும்.

இனி அப்பத்தா விஷயம். இதுதான் எனக்கு முக்கியம். மார்க்கைச் சொல்லாதீர்கள், இந்த வாரம் என்ன பாடம் என்று சொல்லுங்கள். என் மகள் பத்தாவதில் 1929-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த பெரும் பொருளாதார வீழ்ச்சியைப் படித்துக்கொண்டிருந்தாள். போனில் அதைச் சொன்னதும் என் மாமியார், "அப்பத்தானே பர்மாவுல நெல்லு விலை விழுந்துச்சு" என்றார்கள். மறுநாளே பெட்டகத்திலிருந்து ஒரு பேரேட்டை எடுத்து வீடியோவில் காட்டினார்கள். எங்கள் வீட்டு ஐயா பர்மாவில் பெகு என்ற ஊருக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கு, போன காலத்துக் கணக்கு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மேலே 'பிரமோதூத வருஷம்' என்று எழுதி, தொகையெல்லாம் தமிழ் எண்ணில். பிரமோதூத என்றால் 1930-31 என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு சாயந்திரம் ஆனது.

டீச்சர் அதை முதன்மைச் சான்று, அதாவது அந்தக் காலத்திலேயே எழுதிய ஆதாரம், என்று சொல்லி வகுப்பிலேயே காட்டச் சொன்னார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: கடனுக்கு நிலத்தைக் கொடுத்த பர்மா விவசாயி இந்தக் கணக்கை எப்படிப் படித்திருப்பார்? வீட்டில் ஒருவருக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம்தான் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் இருந்தது. விலை விழுந்து கடன் திரும்பாமல், 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. நம்மவர்களுக்கு வேண்டியது பணம், வந்து சேர்ந்தது நிலம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அதையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு பக்கத்து வலியையும் எழுதினாள். எழுதியதை அப்பத்தாவுக்குத் தமிழில் படித்தும் காட்டினாள். அவர்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவுகளும் புள்ளகுட்டிக்காரவுகதானே" என்றார்கள்.

அந்த வகுப்பு இப்படித்தான் கேட்கும் என்று ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், தங்கச்சி. பழைய தாள் எதையும் எடைக்குப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அப்படிச் சேர்த்து வைத்ததைத்தான், 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

கேள்வி: ரொம்ப நன்றி ஆச்சி. இன்று கேன்வாஸ் இணைப்புக் குறியீட்டை எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வேலை 'மிஸ்ஸிங்' என்று சிவப்பில் காட்டுகிறது. இப்போதே டீச்சருக்கு எழுதட்டுமா?

பதில்: முதலில் பையைப் பாருங்கள், தாள் உள்ளேயே இருக்கலாம். இருந்தால் இன்று ராத்திரியே ஏற்றிவிட்டு, தாமதத்துக்கு எவ்வளவு குறையும் என்று சிலபஸில் பாருங்கள். மெயிலை மகனே எழுதட்டும், உங்களுக்கு ஒரு நகல் போடச் சொல்லுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை தானே எழுதுவதைத்தான் டீச்சர்கள் விரும்புவார்கள். மூன்று நாளில் பதில் வரவில்லையென்றால் நீங்கள் எழுதுங்கள்.