புதுப்பிப்பு: நம்ம ஊர் மனதில் நிற்கும் நாவல்கள்

“உங்களுக்கு ரொம்பப் பிடித்த பழைய நாவல் எது, ஏன்?” என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில்களை எல்லாம் படித்து முடித்தேன். அருமை!

அதிகம் பேர் சொன்னது சி. சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டு நாவலான ‘வாடிவாசல்’. அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், “மாடு அணையுறவன் மனசு மட்டுமில்ல, மாட்டோட மனசும் அதுல இருக்கு” என்று எழுதியிருந்தார். உண்மைதான். அப்பனைக் குத்திச் சாய்த்த காரிக் காளைக்காகப் பிச்சி காத்து நிற்கிறான். காளை வெளியே வந்ததும் பக்கத்தைப் புரட்டுகிற கை தானாக வேகமெடுக்கும். ஒரே ஒரு மாலைப் பொழுது, சின்னப் புத்தகம். முடிவை நான் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் படித்தே ஆக வேண்டும்.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அக்காமார்கள். அதன் நாயகி, திருப்பரங்குன்றத்துப் பூரணியைத் தங்கள் தெருப் பெண்ணாகவே நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு நாயகன், நாயகி நினைவாக அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த வீடுகள் ஏராளம். லட்சிய வசனம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் பூரணியின் தன்மானம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’யை ஓரிருவர் மட்டுமே சொன்னார்கள். இன்னும் பலர் படிக்க வேண்டும்.

அப்புறம், வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1890களில் எழுதியது. அதில் வரும் தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளைக்காகவே அதை இந்த வாரம் மறுபடி எடுக்கிறேன். கூடப் படிக்க யார் வருகிறீர்கள்?