மறு: அண்டர்கட் – ‘அடிவெட்டு’ பொருந்தாது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பற்றவைப்பில் (வெல்டிங்கில்) நேரும் குறைகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், வெல்டின் ஓரத்தில் விழும் பள்ளமான அண்டர்கட்டுக்கு (undercut) நேரே ‘அடிவெட்டு’ என்று இருப்பதைப் பார்த்தேன். ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து, பாதிக்கு ஒரு சொல் வீதம் அகராதியில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். உலோகத்தை இப்படி ஒட்டினால் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

குறை என்னவென்று முதலில் பார்ப்போம். ஆர்க்கின், அதாவது மின்பொறியின், சூட்டில் தாய் உலோகத்தின் (பற்றவைக்கப்படும் தகட்டின்) ஓரம் உருகிக் குழிகிறது. எலக்ட்ரோடிலிருந்து (உருகி நிரப்பும் கம்பியிலிருந்து) வரும் உலோகம் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கரண்ட் அதிகமாக இருந்தாலோ, ஆர்க் நீண்டுவிட்டாலோ, கை வேகமாக நகர்ந்தாலோ, நிரம்புவதற்குள் உறைந்துவிடும். வெல்டை ஒட்டியே ஒரு நீளப் பள்ளம் நின்றுவிடுகிறது. அங்கே தகட்டின் தடிமன் குறைகிறது என்பது ஒரு கேடு. இழுவிசை அந்தக் கூரிய பள்ளத்தில் குவிவது அதைவிடப் பெரிய கேடு. சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் கட்டமைப்புகளில் விரிசல் இங்கிருந்துதான் கிளம்பும். அதனால்தான் அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கத்தின் டி1.1 விதிநூல், அத்தகைய முதன்மை உறுப்புகளில் இழுவிசைக்குக் குறுக்காக ஓடும் வெல்டுக்கு 0.25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை.

இதில் ‘அடி’ எங்கே வருகிறது? நிற்கும் தகட்டையும் படுத்த தகட்டையும் சேர்க்கும் ஃபில்லட் வெல்டை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய உலோகம் தன் எடையால் கீழே சரிகிறது. பள்ளம் விழுவது நிற்கும் தகட்டில், வெல்டின் மேல் ஓரத்தில். மேலே விழும் குறைக்கு அடிவெட்டு என்று அறிக்கையில் எழுதினால், படிப்பவர் கிரைண்டரை எங்கே கொண்டுபோய் வைப்பார்? தவிர, இரு தகடுகளும் சந்திக்கும் வேர்ப்பகுதியைப் பலரும் ‘அடி’ என்கிறார்கள். முதல் ஓட்டத்தை (வெல்டரின் கை ஒரு முறை ஓடி இடும் உலோக வரியை) ‘அடி ஓட்டம்’ என்றும், அங்கே ஊடுருவல் போதாமல் போவதை ‘அடிக்குறை’ என்றும் எழுதும் இடத்தில், ஓரத்துக் குறைக்கும் அதே அடியைக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

பிறமொழிக்காரர்களில் சிலர் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதவில்லை. பிரெஞ்சில் இதைத் தெருவோரச் சாக்கடையைக் குறிக்கும் சொல்லால் அழைக்கிறார்கள். ஜெர்மன் சொல்லோ, உருகிப் புகுந்ததால் விழுந்த வெட்டு என்று காரணத்தையே சொல்லிவிடுகிறது.

‘விளிம்பரிப்பு’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஓசை நன்று. ஆனால் உலோகத்தோடு ‘அரிப்பு’ சேர்ந்தாலே எல்லோருக்கும் துருதான் நினைவுக்கு வரும். ‘விளிம்பு’ என்றால் வெல்டர் தகட்டின் சாய்வு சீவிய முனையைப் பார்ப்பார். ‘ஓரக்குழி’ பரவாயில்லை, ஆனால் ஓட்டம் முடியும் இடத்தில் விழும் பள்ளத்துக்குக் குழி என்ற சொல் தேவைப்படும். ஆறு கரையைத் தின்பதுபோல இருப்பதால் ‘கரைக்குடைவு’ என்று நானும் சில காலம் ஆசைப்பட்டேன். பட்டறை இரைச்சலில் கரையும் கறையும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

என் தேர்வு ‘ஓரக்குடைவு’. எங்கே பார்க்க வேண்டும், என்ன நடந்திருக்கிறது என்ற இரண்டையும் அது சொல்கிறது. வினையாகவும் வளைகிறது: ‘மேல் ஓரம் குடைந்திருக்கிறது, மெல்லிய ஓட்டம் ஒன்று விட்டு நிரப்பு’ என்று மேற்பார்வையாளர் சொன்னால், சொல்லைப் புதிதாகக் கேட்கும் உதவியாளருக்கும் புரியும். வினையாக வளையாத கலைச்சொல் புத்தகத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை. வெல்டிங் குறைகளை வகைப்படுத்தும் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 6520-1 இந்தக் குறைக்கு 501 என்ற எண்ணைத் தந்து உள்வகைகளாகவும் பிரிக்கிறது. அவற்றில் இரண்டைத் ‘தொடர் ஓரக்குடைவு’, ‘விட்டுவிட்ட ஓரக்குடைவு’ என்று சொல்லிவிடலாம். குழாயின் உட்பக்கத்தில் வந்தால் ‘வேரோரக் குடைவு’. இது கொஞ்சம் கரடுமுரடுதான். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அதே பட்டியலில் டோ (toe) என்பதற்குக் ‘கால்விரல்’ என்றிருப்பதையும் நீக்கிவிடுங்கள். வெல்டின் முகப்பும் தகடும் சந்திக்கும் கோடு அது, ‘ஓரம்’ போதும்.

அடுத்த குறை ஓவர்லேப் (overlap). உலோகம் உருகிச் சேராமல் ஓரத்தைத் தாண்டித் தகட்டின்மேல் படுத்துக்கிடப்பது. நான் சொன்ன அதே ஃபில்லட் வெல்டின் கீழ் ஓரத்தில் இதைப் பார்க்கலாம். ‘மேற்கவிவு’ என்று எழுதியிருக்கிறார்கள். சேராமை என்ற பொருள் அதில் வரவில்லை என்பது என் மனக்குறை. ‘ஒட்டாப்படிவு’ எப்படி?