அம்மாவுக்குக் கால் முறிவு, ஐ-94 ஏப்ரலில் முடிகிறது: ஐ-539 போடுவது எப்படி?

எடிசன் முத்து:
வணக்கம். அம்மா அக்டோபர் தொடக்கத்தில் மதுரையிலிருந்து பி-2 எனும் சுற்றுலா விசாவில் அமெரிக்கா வந்தார். போன வாரம் வாசலில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் இருப்பதால் அதுவரை நீண்ட விமானப் பயணமும் கூடாது என்கிறார் டாக்டர். மார்ச் கடைசி டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. எந்தத் தேதி வரை தங்கலாம் என்று வந்திறங்கியபோது பதிவான ஐ-94 ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிகிறது. "விசாதான் 2031 வரை இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார் ஊரில் இருக்கும் அண்ணன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மாவோ "என்னால உனக்கு வில்லங்கம் வந்துருமோய்யா" என்று சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ராலே செந்தில்:
அண்ணன் சொல்வது தவறு. விசா தேதி இங்கே வந்து இறங்குவதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 மட்டுமே. அந்தத் தேதியைத் தாண்டி விண்ணப்பம் ஏதும் போடாமல் ஒரே நாள் இருந்தாலும் அந்த விசா செல்லாததாகிவிடும். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபியின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துத் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

பிளேனோ வாசுகி:
முத்து தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இப்படி ஒரு நிலைமைக்காகத்தான், தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 என்ற விண்ணப்பமே இருக்கிறது. என் மாமனாருக்கு இங்கே ஸ்டென்ட் வைத்தபோது நானே உட்கார்ந்து நிரப்பினேன்.

தேதி முடிய 45 நாள் இருக்கும்போதே போடச் சொல்கிறது குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ். கொஞ்சம் பிந்தினாலும் ஐ-94 முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆன்லைனில் போடுங்கள், ரசீது உடனே வரும். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி ஆன்லைனுக்கு 420 டாலர், காகிதத்துக்கு 470. பாஸ்போர்ட் நீங்கள் கேட்கும் தேதி வரை செல்லுபடியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட டாக்டர் கடிதத்தில்தான் கவனம் வேண்டும். எங்களுக்கு முதலில் கிடைத்த கடிதத்தில் "இவர் என் சிகிச்சையில் இருக்கிறார்" என்று ஒரே வரி. அதை வைத்து என்ன செய்வது? திரும்பப் போய், எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன சிகிச்சை, அடுத்த பரிசோதனை எப்போது, எந்தத் தேதி வரை ஏன் விமானம் ஏறக் கூடாது என்று எழுதி வாங்கினோம். உங்கள் டாக்டர் சொன்ன அந்த ரத்தக்கட்டு விஷயம் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அதோடு அம்மா கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம்: ஏன் தங்க வேண்டியிருக்கிறது, யார் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள், எப்போது கிளம்புவார். உங்கள் வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, மதுரை வீட்டுப் பத்திரம், அம்மாவுக்கு ஓய்வூதியம் இருந்தால் அதன் நகல். ஆறு மாதம் வரை கேட்கலாம், ஆனால் கேட்காதீர்கள். கால் ஊன்றவும் பிசியோதெரபிக்கும் சேர்த்து ஜூன் கடைசி போதும் என்றால் அதையே கேளுங்கள். தேவைக்கு மேல் கேட்டால் காரணமே வலுவிழந்துவிடும்.

இன்னொன்று. விசிட்டர் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியைப் பாருங்கள். அது காலாவதியான பிறகு புதிதாக எடுத்தால் இந்தக் கால் முறிவு "ஏற்கெனவே இருந்த நோய்" ஆகிவிடும், பிசியோதெரபிச் செலவு மொத்தமும் உங்கள் தலையில்.

சான் ஓசே ராஜன்:
வாசுகி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. முடிவு வர மாதக்கணக்காகலாம். உரிய காலத்தில் போட்டிருந்தால், அது நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதமாகத் தங்கியதாகக் கணக்கு வைக்க மாட்டார்கள். மறுத்துவிட்டால் மறுநாளிலிருந்து கணக்கு ஓடும்; 180 நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று ஆண்டு, ஒரு வருடமாகிவிட்டால் பத்து ஆண்டு திரும்ப வர முடியாது. மறுப்பு வந்த அன்றே டிக்கெட் போடுங்கள். முடிவே வராவிட்டாலும் கேட்ட தேதிக்குள் கிளம்பிவிடுங்கள். ரசீது, டாக்டர் கடிதம், போர்டிங் பாஸ் மூன்றையும் ஊரில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை வரும்போது விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் அம்மா அதைத்தான் நீட்ட வேண்டும்.

எடிசன் முத்து:
ரொம்ப நன்றி. நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்கிறோம், கடிதத்தை இப்படியே கேட்கிறேன். அம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. என் கணக்கிலிருந்தே போடலாமா?

பிளேனோ வாசுகி:
வேண்டாம் தம்பி. விண்ணப்பதாரர் அவர்தான், அதனால் அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதில் கணக்குத் திறங்கள். நிரப்ப யாராவது உதவுகிறார்களா என்று கேட்கும் இடத்தில் உங்கள் விவரத்தை உள்ளபடி கொடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு கையெழுத்துப் பகுதிக்குப் போங்கள். பணம் உங்கள் கார்டிலிருந்து கட்டலாம்.