விண்ணப்பங்களை வடிகட்டும் செயற்கை நுண்ணறிவு: நெறிமுறையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
எங்கள் நிறுவனத்தில் வேலை விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வடிகட்டத் திட்டமிடுகிறார்கள். அதற்கான நெறிமுறையை வரையும் பொறுப்பு மனிதவளப் பிரிவிலுள்ள என்னிடம் வந்துள்ளது. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1:
பழைய தரவைக் கவனியுங்கள். அமேசான் உருவாக்கிய தேர்வுக் கருவி, பத்தாண்டுக் கால விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், பெண்களைக் குறிக்கும் சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களை அது பின்னுக்குத் தள்ளியது. அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாதபடி திருத்திய பிறகும், கருவி வேறு வழியில் பாகுபாடு காட்டாது என்ற உறுதி கிடைக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. ஆகவே, பெயரையும் பாலினத்தையும் மறைத்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரியும் ஊருமே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமொழி 2:
ஏற்கிறேன். எனினும், ஒவ்வொரு நிராகரிப்பையும் படித்துப் பார்க்க நேரமும், கருவியின் முடிவை மாற்ற அதிகாரமும் உள்ள ஒருவரை நியமிப்பதே என் பார்வையில் முதல் விதி. (பொத்தானை அழுத்துவது மட்டும் மேற்பார்வை ஆகாது.) 2024இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் ஆட்சேர்ப்புக் கருவிகளை உயர் இடர் வகையில் வைக்கிறது.

மறுமொழி 3:
விண்ணப்பங்களைப் பொது உரையாடல் செயலிகளில் ஒட்டுவதையும் தடை செய்யுங்கள். ஊழியர்கள் நிறுவனத்தின் உள் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் பதிவிட்ட பிறகே, 2023இல் சாம்சங் அத்தகைய கருவிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது.