ஆஸ்டிரிஸ்க் மத்தியானம் மட்டும் செத்துப் போகுது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

எங்களோடது 30 சீட் கால் சென்டர், ஆஸ்டிரிஸ்க் (போன் எக்ஸ்சேஞ்ச் வேலைய கம்ப்யூட்டர்லயே செய்ற சாஃப்ட்வேர்) வெர்ஷன் 16 நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, நான்தான் சும்மா இருக்க மாட்டாம ஒரு ஞாயித்துக்கிழமை 18 ஏத்தினேன். திங்க காலைல ஒண்ணும் இல்ல. மத்தியானம் 12 தாண்டுனதும் அத்தன காலும் ஒரே நேரத்துல கட். சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்கள ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கிறது) உடனே எழுப்பி விட்டுடுறதால சர்வர் செத்ததே எனக்குத் தெரியல, மூணு நாள் ஸ்விட்ச்சு, கேபிள், நெட்டுக்காரன்னு எல்லாரையும் திட்டித் தீத்தேன். அப்புறம்தான் லாக்ல சிக்னல் 11னு கண்ணுல பட்டுச்சு, அதாவது செக்ஃபால்ட், தொடக்கூடாத மெமரியத் தொட்டு ப்ரோகிராம் சாகுறது.

சரி கோர் டம்ப் (சாகுற நேரத்து மெமரிய ஃபைலா எழுதி வெக்கிறது) எடுப்போம்னு ஷெல்ல அதுக்கான லிமிட்ட யூலிமிட்ல போட்டா ஃபைலே வரல, ஏன்னா சிஸ்டம்டி ஸ்டார்ட் பண்ற சர்வீஸுக்கு என் ஷெல்லுல போட்டது செல்லாது, யூனிட் ஃபைல்ல லிமிட்கோர் தனியா குடுக்கணும், ஸ்டார்ட் லைன்ல கோர் டம்ப் எழுதச் சொல்ற மைனஸ் ஜி வேற. மறுநாள் டம்ப் கிடைச்சுது, கூடவே வர்ற ஆஸ்ட் கோர்டம்பர் ஸ்கிரிப்ட்ட ஓட்டுனா பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன்ல செத்துச்சுங்கிற பட்டியல்) பூரா வெறும் கேள்விக்குறி. சிம்பல், அதாவது ஃபங்ஷன் பேரு, இல்ல. கம்பைல் ஆப்ஷன் மெனுவான மெனுசெலக்ட்ல டோன்ட் ஆப்டிமைஸ் டிக் பண்ணி திரும்ப கம்பைல் பண்ணி, அடுத்த சாவுக்கு உக்காந்து காத்திருந்தேன் (சர்வர் எப்ப சாகும்னு ஆசையா பாத்துட்டு இருந்தது வாழ்க்கைல அது ஒரு தடவதான்).

அப்ப வந்த தெளிவான ட்ரேஸ்ல மேல நின்னது ஜி729 கோடெக் (குரலச் சுருக்கி அனுப்புறது) மாட்யூல். 16க்குன்னு பில்ட் பண்ணுன பழைய ஃபைலு, மாட்யூல்ஸ் ஃபோல்டர்லயே கிடந்துச்சு. முதல் ட்ரங்க் (வெளிய கால் போற லைன்) ஏ-லாங்கிற வேற கோடெக், அது நிறைஞ்சாத்தான் கால் ரெண்டாவது ட்ரங்குக்குப் போகும், அந்த ட்ரங்குக்காரன் ஜி729 மட்டும்தான் எடுப்பான். அது நிறையுறது மத்தியான கூட்டத்துலதான். கொடும என்னன்னா, புது வெர்ஷன ஏத்துற மேக் இன்ஸ்டால் முடியுறப்பவே இந்த மாட்யூல் எல்லாம் நான் போட்டதில்லன்னு வார்னிங் வார்னிங்னு கத்தியிருக்கு, நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

—

உங்களுக்காவது 11 அண்ணா, எனக்கு சிக்னல் 9. கோர் டம்ப் வரவே இல்லன்னு ஒரு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன், 9ல வராதுங்கிறதே அப்பத் தெரியாது. டிமெசக் (கெர்னல் லாக்) பாத்தா கெர்னல்தான் மெமரி பத்தலன்னு கொன்னுருக்கு. 1 ஜிபி சர்வர், அதுலயே டேட்டாபேஸும். தப்பு என் மேலதான், டேட்டாபேஸ வேற மெஷினுக்கு மாத்துனேன், அதோட சரி.

—

நம்மகிட்ட கிராஷே இல்லங்க, ஆனா எல்லாரும் கிராஷுன்னுதான் சொன்னாங்க. பழைய சான்-சிப் (ஆஸ்டிரிஸ்க்ல சிப் போன், ட்ரங்க் எல்லாத்தையும் பாத்துக்குற மாட்யூல்), நெட்டு போனா பக்கத்து டேபிள் எக்ஸ்டென்ஷன்கூட ரிங் போகாது. ப்ராசஸ் உயிரோட இருக்கு, ஆனா ட்ரங்க் பேருக்கு ஐபி அட்ரஸ் என்னன்னு டிஎன்எஸ் பதில் வர்ற வரைக்கும் சான்-சிப் அங்கயே நின்னுடுது, மத்தவங்க எல்லாம் பின்னாடி கியூ. அதே மெஷின்ல ஒரு டிஎன்எஸ் கேஷ் வெச்சு சமாளிச்சேன், அதுக்குப் பதிலா வந்த பிஜேசிப்புக்கு மாறுனது அப்புறம்தான். ஆஸ்டிரிஸ்க் 21ல சான்-சிப்பையே தூக்கிட்டாங்க, அதனால இன்னும் அதுல இருக்குறவங்க 21 ஏத்துறதுக்கு முன்னாடியே மாறிடுங்க, இல்லன்னா திங்க காலைல ஒரு போனும் ரிஜிஸ்டர் ஆகாது.