பழைய கார் பெரிதாக அடிபட்டதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் (தருமபுரி பக்கம்)

வணக்கம். அப்பாவைச் சிகிச்சைக்குச் சேலம் கூட்டிப்போக 2017 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். டிஎன் 29 பதிவு, பாலக்கோட்டில் நிற்கிறது. விற்பவர் எங்கும் இடித்ததே இல்லை என்கிறார்.

ஆனால் இடது ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு) போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கிறது. பானெட் இடைவெளியும் அந்தப் பக்கம் அதிகம். முன் கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் வருடம் மற்ற கண்ணாடிகளில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. சரி, கண்ணாடி கல் பட்டும் மாறியிருக்கலாம். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும் அல்லவா? இதில் எரியவே இல்லை. ஏர்பேக் வெடித்த பிறகு பல்பைக் கழற்றிவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. தொப்பூர் கணவாயில் அப்பாவை வைத்து ஓட்டப் போகும் வண்டி.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் லிஃப்டில் ஏற்றி சேஸிஸ், ஏப்ரன் (என்ஜினுக்குப் பக்கத்து உள் தகடு) வெல்டிங் எல்லாம் பார்த்து, ஸ்கேனரும் போட்டுச் சொல்லும் நேர்மையான மெக்கானிக் தெரியுமா? பதிவு எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் பழைய பாடி வேலை விவரம் தருவார்களா, உரிமையாளரும் வர வேண்டுமா? இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கிறது. ஆனால் அது அவருடைய முந்தைய வண்டியிலிருந்து மாற்றியதாகவும் இருக்கலாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.