மறு: 'ஜெண்டர் பட்ஜெட்டிங்' - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'மகளிர் பட்ஜெட்' போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஜெண்டர் பட்ஜெட்டிங் என்பது, அரசின் ஒவ்வொரு செலவும் ஆண்களையும் பெண்களையும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்த்து பட்ஜெட் போடுவது. இந்தப் பெயரில் பயிற்சி வைத்தால், திட்ட அலுவலர்கள் தங்கள் துறையில் 'மகளிர்' என்று தொடங்கும் திட்டங்களைப் பட்டியல் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஒன்றிய அரசு 2005-06 முதல் பட்ஜெட்டோடு வெளியிடும் ஜெண்டர் பட்ஜெட் அறிக்கையே ஏறக்குறைய அப்படித்தான். முதல் பகுதியில் முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள். இரண்டாவதில் ஒதுக்கீட்டில் 30 விழுக்காடாவது பெண்களுக்குப் போகும் திட்டங்கள். அதற்கும் குறைந்தவற்றுக்கு 2024-25இல்தான் மூன்றாம் பகுதி வந்தது. ஊரக வீட்டு வசதித் திட்டத்தை முழுசாக முதல் பகுதியில் காட்டிய ஆண்டுகளும் உண்டு. அந்த வீடுகளில் ஆண்கள் குடியிருக்க மாட்டார்களா என்ன!

பயிற்சியில் பழக வேண்டியது வேறு. பெண் என்ற பேச்சே இல்லாத செலவை எடுத்து, இது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டும். மேம்பாலத்துக்கான தொகையையும் நகரப் பேருந்துக்கான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். வண்டி யார் கையில், நிறுத்தத்தில் காத்து நிற்பது யார்? தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தால் யாருடைய நேரம் மிச்சம்? 1984இல் ஆஸ்திரேலியா இதைத் தொடங்கியபோதே, துறைகள் தங்கள் செலவு பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று எழுதித் தர வேண்டியிருந்தது.

அதனால் சொல்லில் 'நோக்கு' இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

> பாலினமா, பால்நிலையா?

ஜெண்டருக்கு, இலங்கையில் புழங்கும் 'பால்நிலை'க்கே என் வாக்கு. பிறப்பால் வந்ததை அல்ல, சமூகம் நிறுத்திவைத்த இடத்தை அது சொல்கிறது. பட்ஜெட்டுக்கும் அவர்களிடம் 'பாதீடு' இருக்கிறது. பழந்தமிழ்ப் புறப்பொருள் இலக்கணத்தின் வெட்சித்திணையில், பகைவரிடமிருந்து கவர்ந்து வந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, பங்கிடுவதைப் பாடும் துறைக்கு அதுதான் பெயர். (வரி கட்டுகிறவர்கள் ஆநிரை நிலையில் தங்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.) பங்கிடுதல் என்ற செயலும் அதிலேயே இருப்பதால் 'பாதீட்டிடல்' என்று இன்னொரு வால் தேவையில்லை.

ஆக, 'பால்நிலைநோக்குப் பாதீடு'. தமிழ்நாட்டு அலுவலர்களுக்குப் பாதீடு பழகும் வரை 'பால்நிலைநோக்கு பட்ஜெட்' என்று எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம், அமைச்சகங்களில் இதற்கென இருக்கும் 'செல்'லை (cell) யாரும் உயிரியலில் வருகிற 'கலம்' ஆக்கிவிட வேண்டாம். 'பிரிவு' போதும்.